31ஆம் நாளுக்குப் பின்



செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைக்கு வருகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. புனித அந்தோனியார் திருத்தலத்தில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வெளியே வருகிற ஒரு தாய், சிறிது தூரம் நடந்து பொன்னம்பலவாணேஸ்வரர் கோவில் வாசலில் நின்று கைகூப்பிவிட்டு பஸ் ஏறப் போவாள். சிவன் கோவிலில் அருச்சனையை முடித்துக்கொண்ட ஒருவர் இங்கே வந்து அந்தோனியாரின் சொரூபத்தைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொள்வார். யாரும் அவர்களிடம் விளக்கம் கேட்பதில்லை. துன்பப்படுகிறவன் எந்த வாசலிலும் நிற்கலாம் என்பது இந்தத் தெருக்களின் எழுதப்படாத சட்டம்.

அந்தச் சிவன் கோவிலுக்குள், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய அந்த ஆலயத்திலே, 2008 ஜனவரி 1ஆம் திகதி புத்தாண்டு வழிபாட்டுக்கு வந்திருந்த பாராளுமன்ற உறுப்பினர் தியாகராஜா மகேஸ்வரன் சுடப்பட்டார். கும்பிட வந்த மற்றவர்களும் காயப்பட்டார்கள். வைத்தியசாலைக்குக் கொண்டுபோயும் அவர் பிழைக்கவில்லை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் அவர் வரவு செலவுத் திட்டத்துக்கு எதிராக வாக்களித்திருந்தார். அதன் பின் அவருடைய பாதுகாப்பு குறைக்கப்பட்டிருந்தது. 2010இல் அவருடைய துணைவியார் பாராளுமன்றம் சென்றார். 2012இல் கொழும்பு மேல் நீதிமன்றம் ஒருவருக்கு மரண தண்டனை விதித்தது.

பத்திரிகைக்கு இவ்வளவுதான் செய்தி. துப்பாக்கியிலிருந்து புறப்பட்ட குண்டு ஓர் உடலில் தைத்து நின்றுவிட்டது என்று நாம் நினைக்கிறோம். அது நிற்பதில்லை, வாசகர்களே! அந்த உடலையும் கடந்து வீட்டுக்குள் போகிறது. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. இருபது வருடங்களுக்குப் பிறகு நடக்கப்போகிற கலியாணத்துக்கும் போகிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் கோடு கிழித்த பெயர்

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2009ஆம் ஆண்டு நவம்பர் மாதம். குருப்பட்டம் பெற்று அதிக காலமாகாத உதவிப் பங்குத் தந்தையாகக் கொழும்பின் ஒரு பங்கில் இருந்தேன். சகல ஆத்துமாக்கள் திருநாளுக்காக மரித்தோரின் பெயர்களை வீடுவீடாக எழுதித் தந்திருந்தார்கள். பூசைக்கு முன் ஒரு பெண் சக்கிறீஸ்துக்கு வந்தாள். கிழக்கிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தவள். பத்து வயதுப் பையன் ஒருவன் அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சுவாமி, அந்தப் பட்டியல்ல எங்கட அவருடைய பேரும் இருக்கு. அதை மட்டும் வாசிக்க வேணாம்" என்றாள்.

ஏனென்று கேட்டேன். அவளுடைய கணவர் தம் ஊரில் ஒரு கட்சியின் பிரதேச சபை உறுப்பினராக இருந்தவர். 2006இல் தெருவில் வைத்துச் சுடப்பட்டார். அடக்கத்துக்கு ஊரே திரண்டு வந்ததாம். "31ஆம் நாள் பூசைக்கு ஆறு பேர், சுவாமி. அதில நாலு பேர் எங்கட வீட்டு ஆக்கள்." பிறகு வீட்டுக்காரர் வீட்டை விடச் சொன்னார். தெருவில் கண்டவர்கள் மற்றப் பக்கமாக நடந்தார்கள். கொழும்புக்கு வந்த பின், அப்பா எப்படி இறந்தார் என்று பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்டால் நெஞ்சு வருத்தம் என்று சொல்லும்படி மகனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "பொய்யும் இல்லைத்தானே, சுவாமி. நெஞ்சிலதான் சுட்டவங்கள்."

நான் பேனாவை எடுத்து அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு கிழித்தேன். அவளுக்காகத்தான் செய்தேன் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையல்ல. அந்தப் பெயரை வாசிக்காமல் விட்டதில் எனக்கும் ஒரு நிம்மதி இருந்தது. பின் வாங்கில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்கு மட்டும் தெரியுமா? அவள் பயந்தாள், அவளுக்குக் காரணம் இருந்தது. நானும் பயந்தேன். பீடத்தில் நிற்கிறவன் அப்படிப் பயந்திருக்கக் கூடாது.

மூன்று சந்நிதிகள்

நம் மக்களிடையே நடந்த அரசியல் கொலைகளில் மூன்றை மட்டும் எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். 1975 ஜூலை 27ஆம் திகதி யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோவிலுக்கு வழிபடப் போனபோது சுட்டுக் கொல்லப்பட்டார். 2005 டிசம்பர் 25ஆம் திகதி, மட்டக்களப்பு புனித மரியாள் பேராலயத்தில் நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது ஜோசப் பரராஜசிங்கம் கொல்லப்பட்டார். ஆயரின் கையால் நற்கருணை வாங்கிச் சற்று நேரமே ஆகியிருந்தது. அவருடைய துணைவியாரும் காயப்பட்டார். மூன்றாவது, நம் தெருவுக்குப் பக்கத்தில் 2008இல் நடந்தது.

ஒரு பெருமாள் கோவில், ஒரு கத்தோலிக்கப் பேராலயம், ஒரு சிவன் கோவில். கொல்ல வந்தவர்கள் வெவ்வேறு. சொன்ன நியாயங்களும் வெவ்வேறு. ஆனால் மூன்று இடத்திலும் ஒரு மனிதன் கடவுளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த நேரம் பார்த்துத்தான் வந்தார்கள்.

இந்த மூன்றில் எதற்காக நாம் வருந்தினோம்? எதற்காக மௌனமாக இருந்தோம்? எதற்காக, வாயால் சொல்லாவிட்டாலும் உள்ளத்தில், அவனுக்கு வேண்டியதுதான் என்று நினைத்தோம்? துரோகி என்று ஒரு சொல்லை நம் இனம் கண்டுபிடித்து வைத்திருந்தது. அந்தச் சொல்லை ஒருவர்மேல் ஒட்டிவிட்டால் அவருடைய மனைவிக்கு ஆறுதல் சொல்லும் கடமையிலிருந்து நமக்கு விடுதலை கிடைத்துவிடும். எத்தனை வசதி!

ஜோசப் பரராஜசிங்கம் 1990இல் பாராளுமன்றத்துக்குப் போனதே இன்னொருவர் கொலையுண்டதனால் வெறுமையான ஆசனத்துக்குத்தான். அவ்வருடம் மே 7ஆம் திகதி மட்டக்களப்பு உறுப்பினர் சாம் தம்பிமுத்துவும் அவருடைய மனைவியும் கொழும்பில் ஒன்றாகச் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். கொலையுண்டவரின் நாற்காலியில் ஒருவர் அமர்ந்தார். பதினைந்து ஆண்டுகளில் அவரும் கொலையுண்டார். பேராலயக் கொலை தொடர்பாக 2015இல் கைதுகள் நடந்தன. 2021 ஜனவரியில் வழக்கைத் தொடர்ந்து நடத்தப் போவதில்லை என்று சட்டமா அதிபர் அறிவிக்க, எதிரிகள் விடுதலையானார்கள். அப்படியானால் கொன்றது யார்? அந்தக் கேள்வி இன்னும் அந்தப் பேராலயத்தின் வாங்குகளில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு நத்தார் இரவும் அந்தப் பங்கு மக்கள் பாலன் பிறப்பையும் அந்தக் கேள்வியையும் சேர்த்தே கொண்டாட வேண்டியிருக்கிறது.

கொச்சிக்கடையிலிருந்து அதிக தூரமில்லாத ஆமர் வீதிச் சந்தியை நினைத்துப் பாருங்கள். 1993 மே 1ஆம் திகதி, மே தின ஊர்வலத்தின் நடுவே, சனாதிபதி ரணசிங்க பிரேமதாச குண்டுத் தாக்குதலில் மாண்டார். அன்றே அந்தத் தெரு தண்ணீர் அடித்துக் கழுவப்பட்டது. சனாதிபதிக்குச் சிலை உண்டு. அவரோடு சிதறிப்போன மெய்க்காவலர்கள், பொலிஸ்காரர், ஊர்வலத்தில் வந்த ஏழைத் தொழிலாளிகள், இவர்களில் ஒருவருடைய பெயராவது நமக்குத் தெரியுமா? தெருவைக் கழுவலாம். ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து தம்மை நோக்கிக் கூவுகிறது என்று ஆண்டவர் காயினிடம் சொன்னதை நாம் மறைக்கல்வியிலேயே படித்திருக்கிறோம். மண் குடித்த இரத்தத்துக்குக் குரல் உண்டு. நாம் காதை மூடிக்கொள்வதால் அந்தக் குரல் ஓய்ந்துவிடுவதில்லை.

பாறைமேல் விரித்த சாக்கு

சாமுவேல் இரண்டாம் ஆகமத்தின் 21ஆம் அதிகாரத்தை இந்த வாரம் உங்கள் வீட்டில் செபமாலைக்குப் பின் எடுத்து வாசியுங்கள். நம் ஞாயிறு வாசகங்களில் வராத பகுதி அது. ஆகையால் பலருக்கு ரிஸ்பா என்ற பெயரே தெரியாது.

தாவீதின் காலத்தில் மூன்று வருடம் பஞ்சம். சவுல் அரசன் கிபயோனியரைக் கொன்ற பழி தீரவில்லை என்று தெரிய வருகிறது. கிபயோனியர் சவுலின் வம்சத்தில் ஏழு பேரைக் கேட்கிறார்கள். தாவீது கொடுத்துவிடுகிறார். அந்த ஏழு பேரில் இருவர் ரிஸ்பாவின் பிள்ளைகள். வாற்கோதுமை அறுவடை தொடங்கும் நாட்களில் ஏழு பேரும் மலைமேல் கொல்லப்படுகிறார்கள். உடல்கள் அப்படியே விடப்படுகின்றன.

ரிஸ்பா என்ன செய்தாள்? ஒரு சாக்குத் துணியை எடுத்துப் பாறைமேல் விரித்தாள். அறுவடை தொடங்கியது முதல் வானத்திலிருந்து மழை விழும்வரை அங்கேயே இருந்தாள். பகலில் பறவைகளையும் இரவில் காட்டு மிருகங்களையும் உடல்களை அண்டவிடாமல் விரட்டினாள். தன் இரு பிள்ளைகளை மட்டுமல்ல, மற்றப் பெண்ணின் ஐந்து பிள்ளைகளையும் சேர்த்தே காத்தாள். அவள் பேசியதாக ஒரு சொல்கூட வேதாகமத்தில் இல்லை. அரசனைச் சபிக்கவுமில்லை, அவனிடம் மன்றாடவுமில்லை. இருந்தாள். அவ்வளவுதான்.

அந்த இருப்பு அரசனின் காதுக்கு எட்டியது. தாவீது எழுந்து போய், சவுலின் எலும்புகளையும் யோனத்தானின் எலும்புகளையும் எடுப்பித்து, இந்த ஏழு பேரின் எலும்புகளோடு சேர்த்து முறையாக அடக்கம் செய்வித்தார். அதற்குப் பிறகே ஆண்டவர் நாட்டின் மன்றாட்டைக் கேட்டருளினார் என்று வேதம் முடிக்கிறது. கவனியுங்கள்: ஏழு பேர் கொல்லப்பட்டபோது அல்ல, அவர்கள் மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்ட பின்புதான். பழிக்குப் பழி வாங்கியது பஞ்சத்தைத் தீர்க்கவில்லை. மறக்க மறுத்த ஒரு தாய்தான் ஓர் அரசனுக்குக் கடமையைக் கற்பித்தாள்.

ஆனால் எனக்கு ஒரு கேள்வி. அந்தப் பாறைக்கு வேறு யாராவது போனார்களா? அவளுக்கு ஒரு செம்பு தண்ணீர் யாராவது கொடுத்தார்களா? ஒரு இரவாவது, நீ கொஞ்சம் கண்ணயரு, நான் நரியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னார்களா? வேதாகமம் சொல்லவில்லை. நம் ஊர் ரிஸ்பாக்களைப் பார்த்தால், ஒருவரும் போயிருக்கமாட்டார்கள் என்றே தோன்றுகிறது.

மன்னிப்பு யாருடைய வேலை?

இங்கே சிலர் குறுக்கிடுவீர்கள். சுவாமி, நம் வேதம் மன்னிக்கச் சொல்கிறதே. பழையதைக் கிளறலாமா என்று கேட்பீர்கள்.

மன்னிக்கத்தான் வேண்டும். அதில் விலக்கு இல்லை. 1959 செப்டெம்பர் 25ஆம் திகதி சுடப்பட்ட பிரதமர் பண்டாரநாயக்க, வைத்தியசாலையில் இருந்தபடியே, தம்மைச் சுட்டவர்மேல் இரக்கம் காட்டும்படி நாட்டைக் கேட்டார். மறுநாள் இறந்தார். அவருடைய ஆட்சியில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த தூக்குத் தண்டனையை, அவருடைய கொலையையே காரணமாகக் காட்டித் திரும்பக் கொண்டுவந்தார்கள். சுட்டவர் 1962இல் தூக்கிலிடப்பட்டார். இறந்தவர் இரக்கம் கேட்டார். இருந்தவர்கள் கயிற்றைக் கொடுத்தார்கள். கயிறு அந்தக் குடும்பத்துக்கு அமைதியைக் கொண்டுவந்ததா? அவருடைய மகள் சந்திரிகா 1988இல் தம் கணவரை, வீட்டு வாசலில் வைத்தே, துப்பாக்கிக்குப் பலி கொடுத்தார். 1999இல் குண்டுவெடிப்பில் தம் ஒரு கண்ணின் பார்வையையும் இழந்தார். ஆகவேதான் திருச்சபை இன்று மரண தண்டனையை எந்த நிலையிலும் ஏற்க முடியாது என்று போதிக்கிறது. கொச்சிக்கடைக் கொலைக்காகத் தண்டனை பெற்றவருக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள். அவளும் ஒரு பாறைமேல்தான் இருந்திருப்பாள்.

ஆனால் மன்னிப்பு ஒன்று, நீதியை விட்டுவிடுவது இன்னொன்று. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981 மே 13ஆம் திகதி சுடப்பட்டார். 1983 டிசம்பரில், தம்மைச் சுட்டவரைச் சிறைக்கே சென்று சந்தித்தார். கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். எங்கே சந்தித்தார் என்பதைக் கவனியுங்கள். சிறையில். பாப்பரசர் மன்னித்ததனால் நீதிமன்றம் பொய்யாகிவிடவில்லை. உண்மை தெரிந்திருந்தது, பெயர் தெரிந்திருந்தது, அதனால்தான் மன்னிப்புக்கு ஒரு முகம் கிடைத்தது. யாரென்றே தெரியாத ஒருவனை ஒரு விதவை எப்படி மன்னிப்பாள்? எந்த முகத்தைப் பார்த்து மன்னிப்பாள்?

நாமோ அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்பே மன்னித்தாயா என்று கேட்கிறோம். அவள் மன்னித்துவிட்டால் நமக்கு வேலை இல்லை பாருங்கள்! நம் பயத்துக்கும் நம் சோம்பலுக்கும் அவளுடைய மன்னிப்பைப் போர்வையாகக் கேட்கிறோம். மன்னிப்பு அவளுக்கும் ஆண்டவருக்கும் இடையே, காலம் எடுத்து, கண்ணீரோடு நடக்கிற காரியம். அவளோடு கூட இருப்பதுதான் நம் காரியம்.

உயிர்த்த யேசு தோமையாருக்குக் காட்டியது எதை? காயங்களை அல்லவா? மகிமையடைந்த உடலில் ஆணித் தழும்புகள் அப்படியே இருந்தன. சாவை வென்றவர், நடந்ததை மறந்துவிடு என்று சீடர்களிடம் சொல்லவில்லை. கையை நீட்டித் தொட்டுப் பார் என்றார். இன்னும் எத்தனை காலம் இதையே நினைத்துக்கொண்டிருப்பாய் என்று ஒரு விதவையிடம் கேட்பதற்கு முன், அந்தத் தழும்புகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம்மால் ஆகக்கூடியது

2019 ஏப்பிரல் 21ஆம் திகதி உயிர்ப்பு ஞாயிறு காலை, நம் அந்தோனியார் திருத்தலத்துக்குள்ளேயே குண்டு வெடித்தது. அன்று நாடெங்கும் 260க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது ஒரு தலைவரைக் குறிவைத்த கொலையல்ல. பூசைக்கு வந்த எல்லாரையும் குறிவைத்தது. அன்றுமுதல் நாம் இறந்தவர்களின் பெயர்களை உரக்கச் சொல்கிறோம்; உண்மை வேண்டும், நீதி வேண்டும் என்று ஓயாமல் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் 2008இல் பக்கத்துக் கோவிலில் ஒருவர் விழுந்தபோது நாம் என்ன கேட்டோம்? நம் முற்றத்தில் விழுந்த பின்தான் வலி தெரிந்தது. தெரிந்த வலியை இனி நம் முற்றத்துக்குள் மட்டும் பூட்டி வைக்கலாமா?

ஆகையால், குடும்பத் தலைவர்களே, தாய்மார்களே, மூன்று காரியங்களைக் கேட்கிறேன். ஒன்று, 31ஆம் நாளுக்குப் பின் போங்கள். நாற்பதாம் நாள் போங்கள். ஆறாம் மாதம் போங்கள். நத்தாருக்குப் பலகாரம் கொண்டு போங்கள். ஆறுதல் வார்த்தை தேட வேண்டாம். ரிஸ்பாவும் ஒன்றும் பேசவில்லை. இரண்டு, இறந்தவரின் பெயரைச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லுங்கள். அவர் எந்தக் கட்சி என்பது வாக்குச் சாவடியில் கேட்க வேண்டிய கேள்வி, சாவீட்டில் அல்ல. மூன்று, உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எந்தக் கொலைக்கும் நியாயம் பேசாதீர்கள். நம்முடைய ஆட்கள் செய்தால் ஒரு பெயர், மற்றவர்கள் செய்தால் இன்னொரு பெயர் என்று பிள்ளைகளுக்குப் பழக்காதீர்கள். நாளைய துப்பாக்கி அந்த மேசையில்தான் செய்யப்படுகிறது.

கடந்த நவம்பருக்குச் சற்று முன், ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தப் பெண்ணை மறுபடி கண்டேன். தலை நரைத்திருந்தது. கூடவே ஓர் இளைஞன். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே பையன். அவனுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள் அல்லவா? இன்னாருடைய மகன் என்று தகப்பன் பெயரை வாசிக்க வேண்டும். அவன்தான் பேசினான். "சுவாமி, அப்பாட பேரை முதல்முதலாகக் கோவிலில் கேட்கிறது என்ட ஓலையில வேண்டாம். அதுக்கு முதல் ஆத்துமாக்கள் பூசையில வாசியுங்கோ."

வாசித்தேன். பதினாறு வருடத்துக்கு முன் நான் கோடு கிழித்த பெயரை, தெளிவாக, நிறுத்தி வாசித்தேன். பூசை முடிந்ததும் பின் வாங்கிலிருந்து ஒரு முதியவர் மெல்ல எழுந்து அவளிடம் வந்தார். அதே ஊர்க்காரர், இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறார். "தங்கச்சி, 31க்கு வரத்தான் வெளிக்கிட்டனான். சந்தி வரைக்கும் வந்து திரும்பிட்டன்" என்றார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வாங்கில் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் மெழுகுதிரிகளை அணைத்துவிட்டு வந்தபோதும் உட்கார்ந்துதான் இருந்தார்கள்.

உங்கள் தெருவிலும் அப்படி ஒரு வீடு இருக்கும். சந்தி வரைக்கும் போய்த் திரும்பியவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். இந்த ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பும் வழியில், அந்தச் சந்தியைத் தாண்டிப் போங்கள்.

காயங்களோடு உயிர்த்த ஆண்டவர் உங்களோடு வருவாராக. ஆமென்.